மேனேஜருக்கு வைத்த கண்ணாடி

“நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்து—”

“உனக்குக் காது குடுத்துக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. கூடையைத் திற.”

“நடுவுல வலை கட்டி நாலு நாள் பாக்க விட்டுட்டு அப்புறமா—”

“பாக்க விடறதுக்கு இதென்ன சினிமாவா?”

“திடுதிப்புனு உள்ள விட்டா கொத்திடும்க்கா, ஒண்ணுக்கொண்ணு பழகாம—”

“திடுதிப்புனுதான் நீயும் வந்து இறங்கினே. உன்னை யாரு வலைக்கு அந்தப் பக்கம் வெச்சு நாலு நாள் பாத்தாங்க?”

கூடையின் மூடியை ஒருத்தி மேலே இழுத்தாள், இன்னொருத்தி கீழே அமுக்கினாள். உள்ளே மூன்று கோழிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து, பின்னலின் இடுக்கு வழியே மூக்கை நீட்டி வெளியே பார்த்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுக் கோழிகள் மேய்வதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நின்றன.

இழுத்தவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். மாமியார் கண்ணை மூடியதிலிருந்து சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். அமுக்கியவள் இளைய மருமகள், அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். சின்னவளின் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தூரத்துத் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றிப் போட்டுவிட்டார்கள். அங்கே தங்க இடம் கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் இரு, அண்ணியை அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணி மூட்டை, இந்தக் கூடை. இவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

துணி மூட்டை காணாமல் போயிருந்தால் அவள் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். வயிற்றில் இருந்தது தங்காமல் போன வருஷம், பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி வந்து, அட்டைப் பெட்டியில் பழைய துணியைப் பரப்பி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வேளை தவறாமல் புரட்டிப் புரட்டி வைத்துப் பொரித்த கோழிகள் அவை. பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போய், இந்த மூன்றுதான் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. வந்த வரிசையில் மூத்தது, நடுவுள்ளது, கடைக்குட்டி என்று பெயர். பெயரைக் கேட்ட அன்றே பெரியவள் சிரித்துவிட்டாள். “பரவாயில்ல, பல்புக்காவது பொறந்துச்சே” என்றாள்.

இரண்டாம் தடவை இழுத்ததில் மூடி பெரியவள் கையோடு வந்துவிட்டது.

“இங்க பாரு சின்னவளே. இது என் கொல்லை, என் கோழி. என் கோழிங்க சேத்துக்கிட்டா உன் கோழி இருக்கும். சேத்துக்கலைன்னா சட்டிக்குப் போகும். இதுல நானும் இல்ல, நீயும் இல்ல. அதுங்க பாடு.”

சொல்லிக்கொண்டே கூடையை வேலிக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தாள். மூன்றும் பொத்து பொத்தென்று விழுந்து, றெக்கையை உதறிக்கொண்டு எழுந்து, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பெரியவளின் கூட்டத்துக்குத் தலைவி ஒரு செம்பட்டைக் கோழி. தடித்த உடம்பு. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணின் மேல் விழுந்திருக்கும். முட்டை போடுவதை நிறுத்திப் பல மாதமாகிவிட்டது. ஆனால் அது தின்று முடிக்கும்வரை மற்றதெல்லாம் தள்ளி நிற்கும், அது ஏறிய பிறகுதான் மற்றது கம்பில் ஏறும். வேலை எதுவும் செய்யாது, ஆனால் அது கையெழுத்து போடாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்பதால் பெரியவளின் கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். பெரியவளுக்கு அந்தப் பெயரில் ஒரு பெருமை. மேனேஜருக்கு மட்டும் தன் தட்டிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டுவாள்.

மேனேஜர் அவசரப்படவில்லை. மண்ணை இரண்டு தடவை சீய்த்தது. பிறகு நேராக வந்து, மூன்றில் எது சின்னதோ அதன் உச்சியில் ஒரு கொத்து. கடைக்குட்டி கத்தவில்லை, குனிந்து கொடுத்தது. மறு கொத்தில் அதன் கொண்டையில் ரத்தம் துளிர்த்தது. அதுவரை வேடிக்கை பார்த்த மற்றவை சிவப்பைக் கண்டதும் ஓடி வந்தன. கோழிக்கு அது ஒரு கெட்ட புத்தி. காயம் பட்டதை விட்டு வைக்காது.

சின்னவள் வேலிக் கதவுக்குப் பாய்ந்தாள். பெரியவள் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“கையை எடுங்கக்கா.”

“நடுவுல போகாதே. இப்ப நீ போய்த் தூக்கினா, நாளைக்கும் தூக்கணும், நாளான்னைக்கும் தூக்கணும். ஒரே நாளோட தீந்து போகட்டும்.”

“செத்துடும்க்கா.”

“செத்தா சின்னது. இருந்தா பெரிசு.”

மூத்ததும் நடுவுள்ளதும் வேலி மூலையில் தலையைச் சொருகிக்கொண்டு முதுகைக் கொடுத்தன. கடைக்குட்டி தண்ணீர்த் தொட்டிவரை ஓடியது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே புகப் பார்த்து, பாதி உடம்போடு மாட்டிக்கொண்டது. பெரியவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தபோது அங்கே எடுக்க ஒன்றும் பாக்கியில்லை.

அதைச் சுத்தம் செய்யச் சொன்னது சின்னவளைத்தான். நீதானே வளர்த்தாய், உனக்குத்தான் பதம் தெரியும் என்றாள் பெரியவள். சின்னவள் வெந்நீரில் முக்கி இறகு பறித்தாள். சாப்பிட உட்கார்ந்த பெரியவளின் கணவர், சின்னவளுக்கு மூத்தார், புதுக் கோழியா, கறி கொஞ்சம் நார் நாராக இருக்கிறதே என்று மட்டும் கேட்டுவிட்டு இன்னொரு துண்டு போடச் சொன்னார். சின்னவள் போட்டாள்.

கணவனுக்கு போன் செய்து சொன்னாள். அவன் பக்கத்தில் ஏதோ சங்கிலி இழுக்கும் சத்தம். ஒரு கோழிக்காக அண்ணியிடம் மல்லுக்கு நிற்காதே, நான் அழைத்துக்கொள்ளும்வரை உனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள் என்றான். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த இரண்டும் கண்ணாடிக் கிடங்கில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தன. வீட்டின் முன்பக்கம் முழுவதும் மூத்தாரின் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் மேஜைக்கும் அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பெயரே கண்ணாடிக்காரர்தான். நல்ல மனுஷர், ஆனால் பெண்கள் சமாச்சாரத்தில் தலையிடுவதில்லை என்று வைத்திருந்தார். அதாவது, பெண்டாட்டி சமாச்சாரத்தில்.

அந்த வாரம் பெரியவளுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முதலில், இடது பிறகு. இடது கண்ணில் முகம்கூடச் சரியாகத் தெரியாத அளவுக்கு மூடிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் சின்னவள் போய் நின்று, மறுபடியும் வலையைப் பற்றிக் கேட்டாள். ஒரு முழம் உயரத்துக்கு இருந்தாலும் போதும் என்றாள்.

“வலை, வலை, வலை. மீன் பிடிக்கிற வீட்டுலேருந்து வந்தவ மாதிரி. இந்த வீட்டுல இல்லாத கண்ணாடியா? ஒரு கண்ணாடியை எடுத்து நடுவுல வை. அது இதைப் பாக்கும், இது அதைப் பாக்கும். நீ கேட்டது அதானே?”

“எந்தக் கண்ணாடியை எடுக்கட்டும்?”

“உங்க மாமாவைக் கேளு. வீணாக் கிடக்கிறதா ஒண்ணு எடுத்துக்கோ.” புடவையை மடித்துப் பைக்குள் அழுத்தினாள். “ஆனா ஒண்ணு. கட்டு பிரிச்சு நான் என்னிக்கு முதல்ல கொல்லைக்கு வரேனோ, அன்னிக்கு உன் கோழி ரெண்டும் என் கோழியோட ஒண்ணா மேயணும். மேயலைன்னா அன்னிக்கே கத்தி. மறுபேச்சு கிடையாது.”

“சரிக்கா.”

“மேனேஜரைப் பாத்துக்கோ. அது என் உசிரு.”

“பாத்துக்கறேன்க்கா.”

கண்ணாடிக்காரர் மேஜையில் குனிந்து, ஸ்கேலை அணைத்துப் பிடித்து, கண்ணாடியின் மேல் வைர முனையால் கீறிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், கிடங்கில் பின் சுவரில் சாய்த்திருப்பதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள், சாக்பீஸில் அளவு எழுதியதை மட்டும் தொடாதே என்றார்.

பின் சுவரில் சாக்குத் துணிக்கு நடுவே அளவு எழுதாதவை சாய்ந்திருந்தன. முனை உடைந்த ஜன்னல் கண்ணாடிகள் சில. ஒரு சலூன்காரர் ஓரத்தில் ரசம் உரிந்துவிட்டதென்று திருப்பிக் கொடுத்துப் போன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. ஆள் நீளம், இடுப்பு உயரம். சின்னவள் முதலில் ஜன்னல் கண்ணாடியில்தான் கை வைத்தாள். இரண்டைச் சேர்த்து வைத்தால் அடைப்பை இரண்டாகத் தடுக்கப் போதும். நல்ல காரியத்துக்கு அதுதான் சரி.

அப்போது கொல்லையிலிருந்து உலாத்திக்கொண்டு மேனேஜர் கிடங்கு வாசலுக்கு வந்தது. அதற்கு மட்டும் எங்கும் தடை கிடையாது. உள்ளே ஒரு எட்டு வைத்தது, நின்றது. சலூன் கண்ணாடிக்குள் ஒரு செம்பட்டைக் கோழி, கொண்டை சரிந்து, இதே திமிரோடு இதையே பார்த்துக்கொண்டு நின்றது. மேனேஜருக்கு யாரும் எதிர்த்து முறைத்துப் பழக்கமில்லை. கழுத்து இறகு ஒவ்வொன்றாக எழுந்தது. அங்கேயும் எழுந்தது. தலையைத் தாழ்த்தியது. அங்கேயும் தாழ்த்தியது. பாய்ந்து ஒரு கொத்து விட்டது.

சின்னவள் ஜன்னல் கண்ணாடியைப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரத்தில் கொல்லையில் கண்ணாடி ஏறிவிட்டது. செங்கல் அடுக்கி, அதன் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் முளை அடித்துக் கட்டினாள். முகம் தெரியும் பக்கம் பெரியவளின் கோழிகளுக்கு, காவி பூசிய முதுகுப் பக்கம் தன் கோழிகளுக்கு. கீழே செங்கல்லுக்குச் செங்கல் மூக்கு நுழையும் அளவு இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் படும்படி தீனி தூவினாள். கோழியைக் கோழியோடு சேர்க்க அவளுக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் தின்னவைத்தால் போதும், மூக்குக்கு மூக்கு பழகிவிடும்.

மற்ற கோழிகள் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தங்களைப் பார்த்தன, ஒன்றும் நடக்காததால் மறந்துவிட்டன. குனிந்து இடைவெளியில் தின்றன. அந்தப் பக்கத்து மூக்கைக் கண்டு முதலில் சிலிர்த்தன, பிறகு சிலிர்க்கவில்லை. மேனேஜர் தின்னவே வரவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. விடிந்ததிலிருந்து அடைகிறவரை கண்ணாடி முன்னால் நின்றது. இது அடித்தால் அது அடித்தது. இது ஓய்ந்தால் அது ஓய்ந்தது. ஒரு தடவையாவது அந்த இன்னொரு கோழி குனிந்து கொடுத்திருந்தால் மேனேஜர் விட்டுவிட்டுப் போயிருக்கும். அது குனியவே இல்லை.

பெரியவள் வலது கண்ணில் மூடி போட்டு, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தாள். தூசி ஆகாது, அடுப்புப் புகை ஆகாது, குனியக் கூடாது, தும்மக் கூடாது, கண்ணில் கை படவே கூடாது. கண்ணாடிக்காரரின் விரலில் எந்நேரமும் கண்ணாடித் தூள் இருக்கும் என்பதால் சொட்டு மருந்து போடுகிற வேலை சின்னவளுக்கு வந்தது. கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூடியை எடுத்துவிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு. பிறகு இரண்டு கண்ணையும் மூடியே வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மருந்து, மறுபடியும் மூடல்.

“உன் கை ஏன்டி இவ்வளவு ஜில்லுனு இருக்கு?”

“தண்ணில இருந்தேன்க்கா. அசையாதீங்க.”

“பாத்து. கண்ணுல குத்திடாதே.”

“குத்தணும்னா இவ்வளவு நேரம் ஆகுமா?”

பெரியவள் சிரித்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, சிரிப்பை நிறுத்தினாள்.

படுக்கையறையின் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. மூடியே இருந்தாலும் சத்தம் வரும். டொக், டொக், டொக் என்று விட்டு விட்டு ஒரு சத்தம். என்னவென்று கேட்டாள். மேனேஜர் கண்ணாடியைக் கொத்துகிறது என்றாள் சின்னவள். அது பொய்யில்லை. பெரியவளுக்கு ஏகச் சந்தோஷம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் புதுக் கோழியைத்தான் கொத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள். பார்த்தாயா ரோஷத்தை, தடுப்பு வைத்தும் விடுகிறதா பார், ஆளைத் தெரிந்துவைத்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். பார்க்க வந்த எதிர்வீட்டு டைலரிடமும் அதையே சொன்னாள். டொக் கேட்கும்போதெல்லாம் தலையணையில் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“உன் ரெண்டும் என்ன பண்ணுது?”

“தின்னுது.”

“தின்னட்டும், தின்னட்டும். சட்டிக்கு முன்னாடி கொஞ்சம் கொழுக்கட்டும்.”

கண்ணாடிக்காரர் ஒரு நாள் சாயங்காலம் பீடி பிடிக்கக் கொல்லைக்குப் போனார். கண்ணாடியின் கீழ்ப் பாதியெல்லாம் தெறித்துக் காய்ந்த ரத்தம். மேனேஜரின் மூக்கு நுனி பிளந்திருந்தது. கொண்டை கிழிந்து தொங்கியது. அவர் பீடி முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்படிக்கு வந்து, ஜன்னல் கண்ணாடி இருந்ததே அம்மா, இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்.

“அக்கா கண்ணாடி வைக்கச் சொன்னாங்க. நீங்க எது வேணுமோ எடுத்துக்கச் சொன்னீங்க மாமா.”

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். டாக்டர் பெரியவளுக்கு டென்ஷன் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நாளைக்குக் கண் மூடியை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எடுத்ததும் முதல் வேலை கொல்லைக்குப் போவதுதான் என்று பெரியவள் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தியைத் தீட்டி வைத்தாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் ஒரு புதுக் கட்டடத்துக்கு ஜன்னல் மாட்ட ஆட்களோடு வண்டியில் போயிருந்தார்.

மத்தியானம் சின்னவள் கொல்லைக்குப் போய் முளைகளைப் பிடுங்கினாள். கண்ணாடியைத் தூக்கிச் சுவரோடு திருப்பிச் சாய்த்தாள். மூத்ததும் நடுவுள்ளதும் செங்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போயின. மற்ற கோழிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தெரிந்த மூக்குத்தானே என்று குனிந்துகொண்டன. எல்லாம் ஒன்றாக மேய்ந்தன. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைத்துவிட்டது.

மேனேஜர் தன் எதிரி நின்ற இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கண்டு திரும்பியது. பசியில் தீனித் தட்டை நோக்கித் தள்ளாடி வந்தது. வழக்கம்போல எல்லாம் விலகும் என்று நினைத்திருக்கும். ஒரு கறுப்புக் கோழி, இத்தனை நாள் அதற்குப் பயந்து கடைசியில் தின்ற கோழி, நிமிர்ந்து அந்தக் கிழிந்த கொண்டையைப் பார்த்தது. சிவப்பைப் பார்த்தது. ஒரு கொத்து.

சின்னவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மருந்து போடுகிற நேரம்.

“டொக்கு சத்தம் நின்னுடுச்சே?” என்றாள் பெரியவள், மல்லாந்து படுத்தபடி.

“கண்ணாடியை எடுத்துட்டேன்க்கா. பழகிடுச்சு.”

“எது பழகிடுச்சு?”

“எல்லாம். ஒண்ணா மேயுது. நாளைக்கு நீங்களே பாருங்க.”

ஒரு சொட்டு விழுந்தது. பெரியவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அவள் காது திறந்தது. கோழி வளர்த்துப் பழகியவளுக்கு ஒவ்வொன்றின் குரலும் பிள்ளை குரல் மாதிரி. கொல்லையில் ஒரு கோழி நீளமாகக் கத்தியது, நடுவில் அறுந்தது, மறுபடியும் கத்தியது.

“அது மேனேஜரு.”

“ஆமாக்கா.”

“ஏன் கத்துது?”

“கொத்துதுங்க.”

“உன் கோழியா?”

“இல்லக்கா. உங்க கோழிதான். என்னுது ரெண்டும் ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருக்கு.”

பெரியவளின் கை கட்டில் விளிம்பைப் பிடித்தது. அதற்கு எப்படி ரத்தம் வந்தது என்று கேட்டாள். கேள்வி சரியாக விழுந்தது. ரத்தம் இல்லாமல் அதன் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சின்னவள் சொன்னாள். எந்தக் கண்ணாடியை எடுத்தாள், எந்தப் பக்கத்தை யாருக்குக் காட்டி வைத்தாள், இத்தனை நாள் டொக் டொக்கென்று மேனேஜர் யாரைக் கொத்தியது என்று, சமையல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“பாத்துக்கோன்னுதானே சொன்னேன் உன்கிட்ட?”

“நானும் பாத்தேன்க்கா. அதுவும் பாத்துக்கிச்சு.”

பெரியவள் எழுந்திருக்கப் பார்த்தாள். சின்னவள் அவள் தோளில் கையை வைத்தாள், அழுத்தவில்லை.

“எந்திரிங்க, நான் தடுக்கல. ஆனா மருந்து உள்ள போகல. வெளிய தூசி பறக்குது. குனிஞ்சு தூக்கணும் வேற. கண்ணு போயிட்டா என்னைச் சொல்லாதீங்க.”

பெரியவள் பாதி எழுந்தபடியே இருந்தாள். கொல்லையில் மறுபடியும் அந்தக் குரல். அவள் வாய் எதையோ மென்றது. பிறகு மெதுவாக, முதலில் முழங்கையும் பிறகு தோளும் பிறகு தலையுமாக, தலையணையில் சாய்ந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. சின்னவளுக்கு அது எதிர்பாராதது. இவள் எழுந்து ஓடுவாள், கூடவே ஓடி மேனேஜரைத் தூக்கிக் கொடுத்துவிடலாம், இரண்டு நாள் மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்று ஏதோ ஒரு கணக்கு அவளுக்குள் இருந்திருக்கிறது. அந்தக் குரல் அவளையும் அறுத்தது. கடைக்குட்டி கத்தவே இல்லை, இது கத்துகிறது. மருந்துக் குப்பியை மூடி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் போனாள். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போய்விட்டது.

“உன் வயித்துல ஒண்ணும் ஏன் தங்கலைன்னு இப்பத்தான்டி தெரியுது” என்றாள் பெரியவள், கண்ணை மூடியபடி. “அதுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்க வந்து பொறக்கப் போறோம்னு. பயந்துதான் போயிருக்கு.”

சின்னவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவு நிலையில் முதுகைச் சாய்த்தாள்.

கொல்லையில் றெக்கை வேலியில் அடிபடும் சத்தம், நிறையக் கால்கள் ஒரே இடத்தில் மண்ணைச் சீய்க்கும் சத்தம். பெரியவளின் கன்னத்தில் மருந்தோ என்னவோ காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கை வந்தது, கண்ணுக்கு அருகில் வந்து நின்றது, தொடாமல் திரும்பிப் போனது.

“சரி, கேளு. உன் கோழி ரெண்டும் இருக்கட்டும். யாரும் கத்தி எடுக்க மாட்டாங்க.”

கத்தல் இப்போது சின்னதாகிவிட்டது.

“நீயும் இரு. அவன் வந்து கூப்பிடற வரைக்கும் இரு. இது உன் வீடும்தான். கொல்லையை நீயே வெச்சுக்கோ. இடுப்புல சாவி இருக்கு, எடுத்துக்கோ. அதை மட்டும் தூக்கிட்டு வந்து என் மடில போட்டுடு.”

கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றில் அவள் கை தடவியது. நாற்காலி முதுகு தட்டுப்பட்டது, தண்ணீர்ச் செம்பு தட்டுப்பட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் யாரும் இல்லை. கொல்லையில் சீய்க்கும் சத்தம் மட்டும் இருந்தது, கத்தல் இல்லை.

“சின்னவளே, நீ அங்கதானே நிக்கிறே?”